மஞ்சள் கை

சாத்தூர் வழியாக நாலுவழிச் சாலை போட்டுக்கொண்டிருந்த சமயம். மூடிக்கிடந்த தீப்பெட்டி ஷெட் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, மதுரையிலிருந்து வந்த ஓவியர் அம்மா வெள்ளைத் துணிகளைத் தொங்கவிட்டார். ஒரு குடும்பத்துக்கு ஒரு துணி. மேலே தாய், கீழே மகள், அதற்கும் கீழே பேத்தி கையைப் பதிக்க வேண்டும். வழிவழியாக வந்த பெண்களின் பலம் அதில் தெரியும் என்றார்.

துணியெல்லாம் என் லோடு ஆட்டோவில்தான் வந்தது. "சனிக்கிழமை வேலை முடிஞ்சதும் கை கழுவாம வரச் சொல்லுங்க" என்றார். பட்டாசுக் கம்பெனி அலுமினியப் பொடி பெண்களின் கையில் வெள்ளியாக மின்னும். அதுதான் அவருக்கு வேண்டும். பெண்கள் கூட்டத்தில் எனக்குப் பேச வாய் வராது. மனைவியிடம் சொன்னேன், அவள் ஊருக்குச் சொன்னாள்.

அத்தனை பேரும் எண்ணெய் தேய்த்துக் கழுவி, மஞ்சள் பூசி வந்து நின்றார்கள்.

"கழுவ வேண்டாம்னு சொன்னேனே?"

"விசேசத்துக்கு அளுக்குக் கையோடயா வருவாக?" என்றாள் என் மனைவி. "அந்த வெள்ளி கம்பெனிக் கலரு மேடம். எங்க அம்மா கை மஞ்சக் கை. அதுக்குக் கீள நான் கம்பெனிக் கையை வைக்க மாட்டேன்."

"மஞ்சள் வெயில்ல வெளிறிடுமேம்மா."

"வெளிறுனா மறுபடி பூசிக்கிருவோம்."

ஓவியர் சிரித்துவிட்டார். எல்லாமே மஞ்சளாகப் பதிந்தது.

கண்காட்சி திறந்த பிறகு ஒருநாள் மாமியாரையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனோம். ஓட்டுச் சந்தில் இறங்கிய வெயிலில் எங்கள் துணியில் மேலே இருந்த மாமியாரின் கைத்தடம் கிட்டத்தட்ட மறைந்திருந்தது. பக்கத்தில் 'தொடாதீர்கள்' என்று பலகை. மனைவி அதைப் பார்த்தாள். பையிலிருந்து கிண்ணத்தை எடுத்து மஞ்சளைக் கரைத்தாள்.

"இந்தாங்க, பிடிங்க" என்று என்னிடம் திணித்தாள்.

மாமியார், "நரைச்ச தலைக்கே சாயம் பூசல, கைக்குப் பூசச் சொல்லுறயாக்கும்!" என்றபடியே எட்டிப் பதித்தார். அதன் கீழே மனைவி, அதன் கீழே எங்கள் மகள். ஓவியர் வந்து நின்று பார்த்தார். பிறகு பலகையைக் கழற்றி மூலையில் சாத்தினார். மற்றக் குடும்பத்துப் பெண்களும் கிண்ணத்தைத் தேடி என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்ன, நீங்களும் ஒரு கை வைக்கிறீகளா?" என்று மனைவி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"கிண்ணம் பிடிக்க ஆள் வேணும்ல" என்றேன். என் குரல் ஷெட்டின் கடைசிவரை கேட்டது.