மூன்று லாரித் தண்ணீர்

சுரங்கக்காரர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'சொட்டு மருந்து'. எந்த ஆய்வுக்குப் போனாலும் தோள்பையில் சோதனைக் குப்பிகள் கிலுங்கும். சுற்றுச்சூழல் ஆய்வாளராகப் பத்தொன்பது வருடம், பதினோரு இடமாற்றம். வீட்டில் பாதிப் பெட்டிகளை அவள் கணவர் பிரிப்பதே இல்லை. "பிரிச்சு என்ன பண்ண? அடுத்த வாரம் நீ யாரையாவது முறைச்சுக்குவே" என்பார்.

அன்றைய ஆய்வு, மூடப்பட்ட ஒரு நிலக்கரிச் சுரங்கம். குழியை நிரப்பி, புல் விரித்து, மரம் நட்டிருந்தார்கள். அவள் கையெழுத்துப் போட்டால் நிறுவனம் மூட்டை கட்டிவிடும். அப்புறம் நிலத்தடி நீர் எப்படிக் கெட்டாலும் கேட்க நாதியில்லை. அந்த நீரை நம்பிப் பள்ளத்துத் தெருவில் நானூறு குடும்பங்கள் இருந்தன.

"பாத்தீங்களா மேடம், பச்சைப் பசேல்னு! குயில்கூட வந்துடுச்சு" என்றார் மேலாளர்.

"குயில் பாடினா தண்ணி சுத்தமாயிடுமா சார்? சோதனைக் கிணத்தத் திறங்க."

கிணறு என்றால் தரையில் இறக்கிய ஒரு சாண் அகலக் குழாய்தான். மேலே வந்த தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. முகர்ந்து பார்த்தாள். ஒரு குப்பியிலிருந்து இரண்டு சொட்டு விட்டாள். தண்ணீர் மஞ்சளாக மாறியது.

"குளோரின். பூமிக்கு அடியில போயி யாரு சார் பிளீச்சிங் பவுடர் போட்டது?"

மேலாளர் குயிலைத் தேடுவதுபோல மரத்தைப் பார்த்தார்.

வாசலில் ஒரு குடிநீர் லாரி நின்றது. அதன் டயர்த் தடம் கிணறுவரை வந்து திரும்பியிருந்தது. பக்கத்தில் நின்ற நரைத்த தலை டிரைவரிடம் போனாள்.

"எத்தனை லாரி ஊத்தினீங்கண்ணே?"

"மூணும்மா. நேத்து."

"எந்தத் தெருவுக்குப் போகவேண்டிய தண்ணி?"

அவர் காலால் மண்ணைக் கிளறினார். "பள்ளத்துத் தெருவுக்கு. எங்க தெருதான்."

அவளுக்கு உச்சந்தலைவரை பற்றி எரிந்தது. கிணற்றைக் கெடுத்ததும் இவர்கள். கெடுத்ததை மறைக்க, கெடுக்கப்பட்டவர்களின் வாயிலிருந்தே தண்ணீரைப் பிடுங்கியதும் இவர்கள். நாளைக்கு அந்தத் தெருக் குழந்தைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தால், 'தலையெழுத்து' என்று சொல்லவும் ஆள் வரும். தலையெழுத்துக்கு லாரி ஓட்டத் தெரியாது.

"பம்பைப் போடுங்க. ஊத்தினது வெளிய வரட்டும். உள்ள இருக்கிறது வர்ற வரைக்கும் நான் நகரமாட்டேன்."

ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டாள். பம்பு ஓடியது. மேலாளர் குடை கொண்டுவந்தார், இளநீர் கொண்டுவந்தார், கடைசியில் போனைக் கொண்டுவந்தார். அதில் அவளுடைய மேலதிகாரி.

"எதுக்கும்மா பிடிவாதம்? பெட்டி கட்டவேண்டி வரும்."

"கட்டியேதான் இருக்கு சார்."

மூன்று மணி நேரம் கழித்துத் தண்ணீர் கலங்கியது, பழுப்பானது, துருவாய்க் கொட்டியது. அதில் நனைத்த சோதனைத் தாள் சிவந்தது. அமிலம்.

டிரைவர் அருகில் வந்து பார்த்தார். "எங்க வீட்டுக் கிணத்துலயும் இதே நிறம்தாம்மா. ஒரு வருஷமா."

அவள் பாட்டிலை நிரப்பி மூடி, முத்திரை ஒட்டினாள். சுரங்க மூடல் சான்றிதழ்த் தாளில் 'மறுக்கப்படுகிறது' என்று எழுதினாள். சாட்சிக் கையெழுத்துக்கான கட்டம் காலியாக இருந்தது. அவள் டிரைவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"லாரி வேலை போயிடும், யோசிச்சுக்கோ!" என்று கத்தினார் மேலாளர்.

"நேத்தே யோசிச்சிருக்கணும் சார்" என்ற டிரைவர், கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "பேனாவக் குடும்மா."