சீட்டுக்கடியில் போன பரிசம்

எண்ணெய்க் கேனைச் சூடான கத்தியால் அறுக்கும்போது ஒரு வாடை வரும் பாருங்கள்... மூக்குக்குள் ஏறினால் இரண்டு நாளைக்கு இறங்காது. இப்போதும் பக்கத்தில் யாராவது பிளாஸ்டிக் குப்பையை எரித்தால் எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு மட்டும் என் கல்யாணம் ஞாபகம் வரும்.

அப்போது ஹட்டனில் போன் திருத்தும் கடையில் வேலை. வீடு பொகவந்தலாவையில். சேர்த்த காசையெல்லாம் கொட்டி ஒரு செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கியிருந்தேன். சிவப்பு நிறம்... பின்பக்கம் வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு நிற்கும். பஸ் ஸ்டாண்டில் நிறுத்தினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த நாலு பேருக்காகத்தான் வாங்கினேன் என்று வையுங்கள்.

பக்கத்துத் துணிக்கடையில் சுமதி. பார்த்தோம், பேசினோம், பிடித்துப்போயிற்று. அவள் அப்பா லிந்துலையில் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி. என்னைப் பார்ப்பதற்கென்றே ஒருநாள் ஹட்டனுக்கு வந்தார். கையில் வெங்காயத்தாள் மாதிரி நீளநீளமாக ஒரு கட்டு லீக்ஸ்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய் விடுகிறேன் என்று ஏற்றிக்கொண்டேன். பின் சீட் உள்ளங்கை அகலம். லீக்ஸ் கட்டை மாட்ட ஒரு கொக்கி கூடக் கிடையாது. மனுஷன் லீக்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வழி நெடுக அதன் தோகை என் காதைக் குடைந்தது.

இறங்கியதும் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"தம்பி, ஒரு கட்டு லீக்ஸ் வைக்க எடமில்லாத வண்டி. இதுல குடும்பத்த எங்க வைப்பீங்க?"

எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. ஏற்கெனவே கொழும்பில் வேன் வைத்திருக்கும் ஒரு மாப்பிள்ளையைப் பற்றி அவர் வீட்டில் பேச்சு. வேன்! அதில் லீக்ஸ் தோட்டமே ஏற்றலாம்.

அன்றைக்குத்தான் கத்தியை அடுப்பில் வைத்தேன். பின் சீட்டைக் கழற்றினால் வாலுக்குள் பொந்து மாதிரிக் கொஞ்சம் இடம் இருந்தது. கேனை அளவாக அறுத்து அதற்குள் இறக்கி, மழைத்தண்ணீர் போகாமலிருக்க ஓரமெல்லாம் பழைய டியூப்பை ஒட்டினேன். மேலே சீட்டை அமுக்கி மூடினால் பெட்டி இருப்பதே தெரியாது. கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் திறந்து காட்டினேன். ஆனால் அந்தப் பெட்டிக்கு நேர் கீழே சைலன்சர் போகிறது என்பதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

சுமதி அழுது, அடம்பிடித்து, கடைசியில் அவள் அப்பா பரிசம் போட நாள் குறித்தார். ஆடி பிறக்க இரண்டு மூன்று நாள்தான் இருந்தது. அன்றைக்கு விட்டால் ஆவணிதான். அதுவரை அந்த வேன்காரன் சும்மா இருப்பானா?

தேங்காய், பழமெல்லாம் அம்மா, அப்பாவோடு ஆட்டோவில். பரிசச் சேலையும் வெற்றிலையும் என் பெட்டியில்தான் வரும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். மாமனாராகப் போகிற மாமா முன்னால் சீட்டைத் திறந்து காட்டவேண்டாமா? சேலை மடிப்புக்குள் யாருக்கும் தெரியாமல் ஒரு சாக்லேட்டும் செருகினேன். சுமதிக்கு.

வரிசை வீடுகளாக நிற்கும் அவர்கள் லயத்து வாசலில் சொந்தக்காரர்கள் கூட்டம். ராகு காலம் தொடங்குவதற்குள் தட்டு மாற்றவேண்டும். நான் ஹீரோ மாதிரி இறங்கிச் சாவியைப் போட்டுத் திருகினேன்.

திறக்கவில்லை.

இன்னொரு தடவை... ம்ஹூம். கேன் சூட்டில் இளகி உப்பி, பூட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. ஒருவர் சீட்டை அமுக்கினார், ஒருவர் குத்தினார், ஒரு சித்தப்பா அதன்மேல் ஏறியே உட்கார்ந்தார். அம்மா, "அடேய், அப்பவே பேக்ல குடுடான்னு சொன்னேனே" என்று தலையில் கைவைத்தாள். மாமா கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். நான் சாவியை விடாமல் திருகிக்கொண்டே இருந்தேன். சத்தியமாக அழுகை வந்தது.

அப்போதுதான் உள்ளேயிருந்து சுமதி வந்தாள்.

"அப்பா, சாமான் உள்ளதானே இருக்கு? வண்டியோட சேத்து உள்ள தள்ளச் சொல்லுங்க."

படியில் பலகை போட்டு, இஸ்தோப்பு வராந்தாவுக்குள் பாய் விரித்திருந்த இடத்துக்கே வண்டியை ஏற்றினோம். தட்டு இருக்கவேண்டிய இடத்தில் வண்டி. அம்மா ஹெட்லைட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். அப்பா ஒரு ஹேண்டிலைப் பிடிக்க, மாமா மற்றதைப் பிடிக்க, தட்டு மாற்றுவதுபோல் என் சிவப்புப் பைக்கை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினார்கள். கூட்டம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தது. நல்ல நேரம் தப்பவில்லை.

பிறகு மாமா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கொண்டுவந்து நெம்பினார். சீட் ஓரம் பிளந்து திறந்தது. வெற்றிலை வெந்த கீரையாகக் கிடந்தது. சேலை முந்தானை முழுக்கச் சாக்லேட்.

மாமா உற்றுப் பார்த்தார். "லீக்ஸ் வச்சிருந்தா இந்நேரம் கறியே ஆகியிருக்கும்" என்றார். அதுதான் அவர் எனக்குச் சொன்ன சம்மதம்.

இப்போது கார் இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் டிக்கி தானாகத் திறக்கிறது. என்ன வைத்தோம் என்பதுகூட ஞாபகமிருப்பதில்லை. மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த டிக்கி நிறைய லீக்ஸ் ஏற்றிக்கொண்டு அவரைக் கூட்டிப்போக ஆசை... யாரிடம் சொல்வது?

போன வாரம் பைக்கை விற்கலாமென்று ஒருவரை வரச்சொன்னேன். அவர் கத்தி பட்ட சீட்டைத் தடவிப் பார்த்துக் குறைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, சுமதி கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"பரிசத்துல வந்த சாமான் பொண்ணுக்குத்தான் சொந்தம். எங்கப்பா கைய நீட்டி வாங்குன வண்டி இது. விக்கிறதுக்கு நீங்க யாரு?"

வந்தவர் ஒன்றும் புரியாமல் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பிவைத்தேன்.