மருந்தடிக்காத துண்டு

போன கிழமை கல்முனைக் கடையொன்றில் அரிசிப் பை ஒன்றைக் கையில் எடுத்தேன். "மருந்தடிக்காதது, நம்பி எடுங்க" என்றார் கடைக்காரர். விலையைக் கேட்டுத் தலை சுற்றியிருக்க வேண்டும். எனக்கோ முகம் சுட்டது. பையை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தச் சொல் எங்கள் வீட்டில் புழங்கிய சொல். எழுபதுகளின் கடைசியில் நாவிதன்வெளிப் பக்கம் வாப்பாவுக்கு வயல் இருந்தது. பூச்சிக்கு அடிக்கும் நஞ்சை நாங்கள் நஞ்சென்று சொன்னதே இல்லை. போத்தலில் மண்டையோட்டுப் படம் இருந்தும் அது மருந்துதான். அந்த வாடை எனக்குப் பிடிக்கும் என்றால் சிரிப்பீர்கள். வாப்பாவின் சாரனில் அது மணந்தால் அந்த முறை வெள்ளாமை மோசம் போகாது என்று அர்த்தம். நான் அப்போதுதான் வாத்தியார் வேலை கிடைத்து, எல்லாம் தெரிந்தவன்போல் நடந்துகொண்டிருந்தேன்.

ஆனால் அந்த நெல்லை நாங்கள் தின்னவில்லை. வாய்க்கால் ஓரம் ஒரு சிறு துண்டை வாப்பா மருந்தில்லாமல் ஒதுக்கி வைத்திருந்தார். அது வீட்டுச் சோற்றுக்கு. மற்றது விற்க, ஏழைபாழைகளுக்குச் சக்காத்துக் கொடுக்க. அதைத் தப்பென்று யாரும் நினைக்கவில்லை.

மருந்தடித்தவர் மாமியின் கணவர். மாமி வாப்பாவின் கூடப்பிறந்த தங்கை. மூக்கில் ஒரு துணிகூடக் கட்டாமல், மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்து, எதிர்காற்றிலும் அடிப்பார் அந்த மனுசன். சில போகங்களுக்குள் கை நடுக்கம், மூச்சிழுப்பு, எதைத் தின்றாலும் சத்தி. படுத்துவிட்டார். அந்த முறை சக்காத்து வாங்க மாமியும் வந்தார்.

நான் மரைக்காலால் நெல் அளந்துகொண்டிருந்தேன். மாமி வாப்பாவிடம் மெல்லக் கேட்டார்.

"காக்கா, அவருக்கு இந்த நெல்லு வாணாம். வீட்டுக்கு வச்சிருக்கிறதுல ஒரு மரைக்கால் தாங்களன்."

"சக்காத்துல இது அது எண்டு பாக்கிறதா புள்ள?"

மாமி சாக்கின் வாயைக் கட்டினார். "சரி காக்கா. மருந்துதானே, சுகமாகட்டும்."

கோபமாகச் சொன்னாரா என்றால், இல்லை. சாக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வாப்பா எழுந்து உள்ளே போனார். நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்றிருந்தது. என்றாலும் அறைக்குள் கிடந்த அந்த நல்ல நெல்லில் ஒரு கை அள்ளிக்கொண்டு மாமியின் பின்னால் ஓட எனக்கும் மனம் வரவில்லை. பகல் சோறு தொண்டையில் இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். இறங்கியது.

அடுத்த போகம் வாப்பா வீட்டுத் துண்டுக்கும் மருந்தடிக்கச் சொன்னார். "இனி ஒருத்தருக்கும் கேக்கேலாது" என்றார். நானும் தலையாட்டினேன். வெட்கம் கெட்ட விசயம், நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நோன்புக்கு முன்னரே மாமியின் கணவர் மௌத்தாகி அடக்கமானார். மாமி பிறகு எங்கள் வாசலுக்குச் சக்காத்துக்கு வரவில்லை.

உழவு மெசினுக்கு இடைஞ்சல் என்று துண்டைச் சுற்றியிருந்த வரம்பையும் வெட்டியாயிற்று. அது எந்த இடம் என்று இன்று கேட்டால் எனக்கே காட்டத் தெரியாது. மாமி கேட்டது ஒரு மரைக்கால் நெல். அதைக் கொடுக்காமல் தப்ப, எங்களுக்கு இருந்த ஒரே நல்ல மண்ணையும் நாங்களே நஞ்சாக்கினோம்.