பெர்லினில் இருவருக்கு ஓர் அறை

கெல்சென்கிர்ச்சன் ரயில் நிலையத்துக்கு யோகன் கோட்டும் டையுமாக வந்து நின்றான். தொண்ணூற்றைந்து மே மாதம், காலை ஏழரை மணி. பழைய நிலக்கரி ஊர் அது. சுரங்கங்களை ஒவ்வொன்றாக மூடிவருகிறார்கள். ஆனாலும் மழை பெய்தால் சுவர்களில் இன்னும் கறுப்பு இறங்குகிறது. அந்தக் கறுப்புக்கு முன்னால் அவனுடைய சலவை மடிப்புக் கோட்டைப் பார்க்கச் சிரிப்பாக இருந்தது.

"என்னப்பா, மாப்பிள்ளை அழைப்பா?" என்றேன்.

"கோட் போட்டா ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம் அண்ணை," என்றான்.

டிக்கெட்டைத்தான் சொல்கிறான் என்று நினைத்தேன்.

அன்று பிற்பகல்வரை எனக்குத் தெரியாத ஒன்றை வாசகருக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். யோகன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அகதி. பத்து வருடமாக அவன் வழக்கு முடியவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முத்திரை குத்தித் தரும் ஒரு தாளில் அவன் வாழ்கிறான். அந்தத் தாளின்படி அவன் தன் நகர எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்ட வேண்டுமென்றால் அலுவலகத்தில் காரணம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது ஒருமுறை அனுமதியில்லாமல் ஷ்டுட்கார்ட் போய்ப் பிடிபட்டிருக்கிறான். அபராதத்தோடு விட்டார்கள். இன்னொருமுறை பிடிபட்டால் அது குற்ற வழக்கு. யோகன் என்பது அவன் பெயரல்ல, மற்றதெல்லாம் அவன்தான்.

சென்னை வார இதழ் ஒன்று ஒரு கட்டுரை கேட்டிருந்தது. ஐரோப்பியத் தலைநகர் ஒன்றின் உயர்ந்த விடுதியில் ஓர் இரவு தங்கி எழுத வேண்டும், செலவு அவர்களுடையது. முந்தைய ஞாயிறு, கெல்சென்கிர்ச்சன் தமிழர்கள் நடத்திய இலக்கியக் கூட்டத்தில், மேடையிலிருந்தபடியே மைக்கில் கேட்டேன்: "யோகன், நீதான் எனக்குப் பெர்லினைக் காட்டணும். வருவியா?" எழுபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் எழுந்து நின்று "ஓம்" என்றான். கைதட்டினார்கள். அந்த மக்களோடு பத்து நாள் இருந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்: விருந்தாளி சபையில் வாய்விட்டுக் கேட்டால் 'ஏலாது' என்ற சொல் அவர்கள் நாக்கில் வராது. நான் போன எல்லா வீட்டிலும், பானையில் சோறு மிஞ்சாவிட்டாலும் எனக்கு மூன்றாம் முறை வைத்தபோது கண்டதுதான்.

பெர்லினுக்கு ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர். எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. ரயில் ஒன்றுதான் நான் உட்கார்ந்திருக்க உலகம் எனக்குப் பதிலாக அலைகிற இடம். கடுகு வயல்கள் மஞ்சள் மஞ்சளாய் வந்து சன்னலில் மோதி உடைந்தன. ஹனோவர் தாண்டியதும் வானம் தாழ்ந்து, மண் மணலானது. நான் சத்தமாக வியந்துகொண்டே வந்தேன். யோகன் ஜெர்மன் நாளிதழை முகத்துக்கு நேரே விரித்தபடி முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தான். பெட்டிக் கதவு திறக்கும்போதெல்லாம் அவன் ஒரு பக்கம் புரட்டினான்.

"மெல்லக் கதையுங்கோ அண்ணை."

"ஏன், தமிழுக்கு இங்கே வரியா?"

சிரித்தான். நல்ல சிரிப்பு; கண் மட்டும் கதவில்.

நண்பகல் தாண்டி விலங்குக்காட்சிச் சாலை நிலையத்தில் இறங்கினோம். முதல் விடுதி அங்கிருந்து நடக்கும் தூரத்தில், கூர்ஃபூர்ஸ்டன்டாம் பெருந்தெருவில். இருவர் அறை முந்நூற்று எண்பது மார்க். சுழல்கதவுக்குள் நுழைந்ததும் சத்தம் செத்துவிட்டது. கால் புதையும் கம்பளம். தலைக்கு மேலே உறைந்துபோன மழைபோல ஒரு கண்ணாடி விளக்கு. எங்களுக்கு முன்னால் நின்ற ஜப்பானியத் தம்பதியிடம் பாஸ்போர்ட்டுகளை வாங்கி மேசைப் பெண் நிதானமாகப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். யோகன் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான்.

"கார்பெட் புழுதி மணக்குது. உங்களுக்கு இழுப்பு வரும். வாங்கோ."

எனக்கு ஆஸ்துமா உண்டு. என்ன கரிசனம் என்று நெகிழ்ந்து வெளியே வந்தேன்.

இரண்டாவது, சார்லோட்டன்பர்க் பகுதியின் பக்கத்தெரு ஒன்றில் பதினான்கு அறைகள் மட்டுமுள்ள சிறு விடுதி. இருநூற்று இருபது மார்க். ஒரு காலத்தில் யாரோ இசையாசிரியரின் வீடாம். மரப்படி திருகித் திருகி மேலே ஏறிக் காணாமல் போயிற்று; எங்கோ காப்பி வறுபட்டது. பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பிடித்துவிட்டது. வெள்ளி முடி அம்மாள் ஒருவர் முகம் மலர நீளமாக என்னவோ சொன்னார். எனக்கு ஜெர்மன் தெரியாது; என் ஆங்கிலம் வாசிக்க ஓடும், பேச நொண்டும். அதனால் மொழிபெயர்ப்பை யோகனிடம் விட்டிருந்தேன்.

"அறை இல்லையாம் அண்ணை."

அந்த அம்மாள் அதே மலர்ச்சியோடு ஒரு சாவியை எடுத்து என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பலகையில் வரிசையாகச் சாவிகள்.

"அப்போ அது என்ன?"

"அது... பழுதான அறையாம். தண்ணி வராதாம்."

தெருவுக்கு வந்ததும் வெடித்தேன். "பொண்ணு பார்க்க வந்த மாதிரி எல்லாத்துக்கும் நொட்டை சொல்றியே! காசு என் காசா, உன் காசா? பத்திரிகைக் காசு."

அவன் முன்னால் நடந்துகொண்டே இருந்தான். திரும்பிக்கூடப் பார்க்காதது என் கோபத்தை இன்னும் ஏற்றிவிட்டது.

"எனக்குப் புரியுதுப்பா. பெரிய இடத்துக்குள்ள நுழைய உனக்குக் கூச்சம். இத்தனை வருஷம் ஓட்டல் அடுப்படியிலேயே நின்னுட்ட. அந்தக் கூச்சத்தை என் தலையில ஏத்தாதே."

யோகன் நின்றான். டையின் முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"ஓமண்ணை," என்றான். "கூச்சம்தான்."

அதை ஒரு வெற்றிபோல எடுத்துக்கொண்டேன்.

நூறாம் எண் பஸ்ஸின் மாடியில் முன்வரிசையில் உட்கார்ந்து கிழக்கே போனோம். பூங்காவின் மரங்கள் முழுக்கத் தளிர். கிளைகள் கண்ணாடியில் உரசி விலகின. பிராண்டன்பர்க் வாயில் தாண்டியதும் எங்கு பார்த்தாலும் கட்டட வேலைக்கான பாரந்தூக்கி இயந்திரங்கள். நகரத்தையே பிரித்துப்போட்டு மறுபடி கோத்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் யோகன் நாளிதழை மடியில் வைத்தான்.

"ஷோனெஃபெல்ட்டில பிளேன் இறங்கி, உங்கால அந்த ஸ்டேஷனுக்குத்தான் முதல் வந்தனான் அண்ணை," என்று ஃப்ரீட்ரிஷ் தெருப் பக்கம் கை காட்டினான். "இருபத்தொரு வயசு. ஒரு பின்னேரம். ரயில் யன்னலால ஒரு பெரிய வீடு கண்டனான், எல்லா யன்னலிலயும் வெளிச்சம். உதுக்குள்ள ஒருநாள் படுத்து எழும்ப வேணும் எண்டு நினைச்சன். எந்த வீடெண்டு இப்ப தெரியேல்லை."

இதைக் கேட்டபோதும் எனக்கு உறைக்கவில்லை. நல்ல வரி என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

மூன்றாவது விடுதி லிண்டன் மரச்சாலையிலிருந்து ஒரு தெரு தள்ளி. கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் அரசாங்க விருந்தினர் மட்டும் தங்கியதாம். இப்போது புது முதலாளி, புது வெள்ளை. நானூற்றுப் பத்து மார்க், காலையுணவோடு. இந்தமுறை மொழிபெயர்ப்பாளன் வேண்டாம் என்று நானே முன்னால் போய், நொண்டும் ஆங்கிலத்தில் இருவருக்கு ஓர் அறை கேட்டேன். மேசையிலிருந்த இளம்பெண் பணத்தை வாங்கிக்கொண்டு, இரண்டு பாஸ்போர்ட்டும் வேண்டும் என்றாள். என்னுடையதை வைத்தேன். திரும்பாமலே யோகன் பக்கம் கையை நீட்டினேன்.

"எடுப்பா."

கையில் ஒன்றும் விழவில்லை. திரும்பினேன். அவன் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, தமிழில், என்னிடம் பேசினான்.

"அண்ணை, சிரிச்சுக்கொண்டே கேளுங்கோ. நான் கெல்சென்கிர்ச்சனை விட்டு வெளிக்கிடக் கூடாது. என்ர தாளில போட்டிருக்கு. ஒருக்காப் பிடிபட்டவன். வாற மாசம் கேஸ் விஷயமா அலுவலகத்தில வரச்சொல்லி டெர்மின் தந்திருக்கினம். இப்ப பிடிபட்டா முடிஞ்சுது, பிளேனில ஏத்தி ஊருக்கு அனுப்பிப்போடுவாங்கள். இவவிட்ட ஏதும் சொல்லுங்கோ. சிரியுங்கோ."

சிரித்தேன். அந்தப் பெண்ணும் சிரித்தாள். மூன்று பேரும் அந்தப் பளிங்கு மேசையைச் சுற்றிச் சிரித்துக்கொண்டு நின்றோம். நாற்பத்தெட்டு வயதில், சொற்களால் பிழைக்கிற எனக்கு, நண்பன், தம்பி, எழுத்தாளன், எத்தனையோ சொற்கள் இருந்தன. வாயில் வந்தது இதுதான்:

"எனக்கு மட்டும்தான் அறை. இவர் பெட்டி தூக்க வந்தவர்."

அவள் தலையசைத்தாள். அதன்பிறகு யோகனை அவள் பார்க்கவே இல்லை. அங்கே ஒரு மனிதன் நிற்கிறான் என்பதே அவள் கண்ணிலிருந்து அழிந்துவிட்டது. சீருடைக்காரர் ஒருவர் வந்து யோகன் கையிலிருந்த என் பெட்டியை வாங்கிக்கொண்டார். அவனுடைய சிறு பையை விட்டுவிட்டார்.

வாசலில், லிண்டன் நிழலில், அவன்தான் முதலில் பேசினான். "சோக்கான யோசனை அண்ணை. பெட்டி தூக்குறவனை ஒருத்தரும் கேக்கமாட்டினம். கோட்டை விட அதுதான் நல்லது."

"ஏன்டா முதல்லயே சொல்லல?"

"அத்தனை சனத்துக்கு முன்னால கேட்டியள். பிறகு ஏலாதெண்டா உங்களுக்கெல்லோ மரியாதையில்லை."

"வா, நானும் வந்துடறேன். ராத்திரியோட ராத்திரியா ஊருக்கே போயிடலாம்."

"காசு கட்டியாச்சு. நீங்கள் தங்காட்டி என்னத்தை எழுதுறது? நில்லுங்கோ. நான் அஞ்சு மணி ரயிலில போறன். நாளைக்குப் பத்து மணிக்கு எங்கட ஹைம் போனுக்கு அடியுங்கோ."

ஹைம் என்பது அகதிகள் தங்கும் விடுதி. அறைக்கு நான்கு பேர், வராந்தாவில் ஒரு தொலைபேசி. இன்னொருமுறை 'நானும் வருகிறேன்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கால் வலித்தது, உள்ளே அறை காத்திருந்தது. அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பாரந்தூக்கிகளின் நிழல்களை ஒவ்வொன்றாகக் கடந்து, நேராக, முதுகு வளையாமல் போனான். திருப்பத்தில் ஒரு போலீஸ் கார் மெதுவாக வந்தது. அவன் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினான். கார் போயிற்று. அப்புறம் அவனைக் காணவில்லை.

அறையைப் பற்றி எழுதத்தானே வந்தேன்; எழுதுகிறேன். நான்காம் மாடி. உயரக் கூரை, ஓரமெல்லாம் சாந்தில் செய்த திராட்சைக் கொடி. குளியலறைத் தரை காலுக்கு இதமாகச் சுட்டது. இரண்டு கட்டில்கள், ஒன்று சன்னலோரம், ஒன்று சுவரோரம். சன்னலைத் திறந்தால் லிண்டன் உச்சிகள் பச்சைக் குளமாகத் தளும்பின. சென்னையில் நான் எந்த லாட்ஜில் எந்தப் பெயர் சொல்லித் தங்கினாலும் யாரும் என்னை ஏன் இந்த ஊரில் இருக்கிறாய் என்று கேட்டதில்லை. இந்தியா முழுக்க எனக்கு அலைய இடம். அலைச்சலை ஒரு நோய்போலவும் வரம்போலவும் எத்தனை பக்கம் எழுதியிருப்பேன்! ஒரு மனிதன் தன் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் எத்தனைமுறை கதவைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று யோகன் எனக்கு எதிரே ஐந்து மணி நேரம் உட்கார்ந்து காட்டினான். நான் கடுகு வயலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

தூக்கம் வராது என்றுதான் எண்ணினேன். வந்தது. வாத்திறகு மெத்தையில் ஒருமுறைகூடப் புரளாமல் தூங்கினேன். அதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்.

காலையில் பத்து மணிக்குத் தெருமுனைத் தொலைபேசிக் கூண்டில் நாணயங்களைப் போட்டேன். யாரோ எடுத்து, யாரையோ கூப்பிட்டு, செருப்புச் சத்தம் தூரத்திலிருந்து வந்தது.

"அண்ணை! வந்து சேர்ந்திட்டன். டிக்கெட் மட்டும்தான் கேட்டவங்கள். ஒரு பிரச்சினையும் இல்லை." மூச்சு வாங்கினான். "சொல்லுங்கோ, ரூம் எப்பிடி?"

"சுமார்தான்ப்பா. சத்தம். பிரமாதமா ஒண்ணும் இல்ல."



"பொய் சொல்லாதையுங்கோ. அவ்வளவு தூரம் வந்தனான். நல்லாயிருந்ததெண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். திராட்சைக் கொடியைச் சொன்னேன். சுடுகிற தரையைச் சொன்னேன். மரங்களின் உச்சியைச் சொன்னேன். "ம்" என்றான், "பிறகு?" என்றான். பக்கத்தில் நின்ற யாருக்கோ "நிலமே சுடுமாம்" என்று சொன்னான். இரண்டு கட்டில்களைச் சொன்னேன்.

"யன்னல் பக்கக் கட்டில் எனக்குத்தானே வச்சிருந்தனியள்?"

"ஆமாம்ப்பா," என்றேன். "உனக்குத்தான்."

நான் படுத்துத் தூங்கியது அதில்தான்.