அந்தோணியாரின் பங்கு

பாம்பனில் சீனி முகம்மதுவின் மீன் மண்டியில் எடை பார்த்த சிலுவைமுத்து யாரையும் எளிதில் நம்பாதவர். மீன் ஏறுவதற்கு முன்னால் தராசுத் தட்டின் அடியைக் கைவிட்டுத் தடவிப் பார்ப்பார். எவனாவது புளியை உருட்டி ஒட்டி வைத்திருப்பானாம். "சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று சொல்லி யாராவது வீட்டுக்கு வந்துவிட்டால் போதும், அன்று முழுக்க மனைவி லூர்து மேரியிடம், "என்னத்துக்கு வந்தான்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு வருஷம் சொந்தமாக வியாபாரம் செய்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் இறாலுக்குத் திடீரென்று கிராக்கி வந்தது. அதுவரை மணலில் காய்ந்துகிடந்த சரக்கை ஐஸ் போட்டு ரயிலேற்றினால் கொச்சிக் கம்பெனி எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கியது. சிலுவைமுத்து மண்டி வேலையை விட்டார். முதல் பெட்டி ரயிலேறிய அன்று அந்தோணியார் கோயிலில் முழங்காலிட்டு, கிடைக்கிற லாபத்தில் சரிபாதி உமக்கு என்று நேர்ந்துகொண்டார். அடுத்த வருஷம் பெரிய கைகள் விசைப்படகுகளோடு வந்து இறங்கியதும் இவருடைய வியாபாரம் படுத்துவிட்டது. திரும்ப மண்டிக்கே போய் நின்றார். சீனி முகம்மது ஒரு வார்த்தை கேட்காமல் தராசைக் காட்டினார். ஏன் கேட்கவில்லை என்பது சிலுவைமுத்துவுக்கு நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

அந்த வருஷத்தில் மிஞ்சியது தங்கச்சிமடத்தில் வாங்கிப்போட்ட ஒரு மனை. மகள் ஜோதிமேரிக்குக் கல்யாணம் ஆனால் அதில் ஒரு வீடு எழுப்பித் தருவதாக எண்ணம். அதுவரை சும்மா கிடப்பானேன் என்று லூர்து மேரி அங்கே புடலைக்குப் பந்தல் போட்டிருந்தாள்.

இந்த நிலையில்தான் மதுரை வருமான வரி ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்தது. இறால் வியாபாரத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும், ராமநாதபுரத்தில் கேம்ப் போடும் அதிகாரி முன்னால் ஆஜராக வேண்டும் என்று. சிலுவைமுத்து வரியைப் பற்றி யோசிக்கவே இல்லை. தன்னைக் காட்டிக்கொடுத்து எழுதிப் போட்டவன் யார் என்பதுதான் அவருக்கு யோசனை. மண்டியில் முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னப்பா சிலுவை, புதுசாப் பாக்குற மாதிரி பாக்குற?" என்றார் சீனி முகம்மது.

"ஒண்ணுமில்ல மொதலாளி. நான் இறால் அனுப்புனது மதுரையில இருக்கவனுக்கு எப்பிடித் தெரிஞ்சிச்சுன்னு பாக்குறேன்."

"நீ அனுப்புன இறாலோட வாடையே மானாமதுரை தாண்டிப் போயிருக்கும். இதுல ஒருத்தன் வேற சொல்லணுமாக்கும்."

முதலாளி சிரித்தார். சிரித்து மழுப்புகிறார் என்று சிலுவைமுத்து முடிவு கட்டினார்.

கேம்பில் இருந்த அதிகாரி ராமசுப்பிரமணியன், திருவாடானைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். சிலுவைமுத்து டீயைத் தொடவில்லை.

"கொச்சிக் கம்பெனி கொடுத்த கணக்குல உங்க பேரு இருக்கு. லாபம் பூரா உங்களுக்குத்தானா?"

"இல்லய்யா. பாதி எனக்கு. பாதி பங்குக்கு."

அந்தக் கரையில் பங்கு என்றால் ஊர்க்கோயிலும் அதைச் சேர்ந்த சனமும். பங்குச் சாமியார், பங்குத் திருவிழா என்றுதான் பேச்சு. திருவாடானைக்காரருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

"பங்குதாரர் பேரு?"

"அந்தோணியாருக்குத்தான்யா."

"அந்தோணி. தகப்பனார் பேரு?"

சிலுவைமுத்து முழித்தார். சாமியுடைய அப்பன் பேரைக் கேட்கிறானே, இது என்ன பொறி?

"தெரியாதுய்யா."

"தகப்பன் பேரு தெரியாத ஆளோடயா ஒரு வருஷம் கூட்டு வச்சீங்க? எங்க இருக்காரு?"

"பாம்பன்லதான். எப்பவும் அங்கனதான் இருப்பாரு. வெளிய போறது திருவிழாவுக்கு மட்டும்."

சொன்ன பிறகுதான் அதிகாரி எதை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார் என்பது அவருக்கு உறைத்தது. திருத்த வாயைத் திறந்தார். அதற்குள் அதிகாரி, "பாதிதான் உங்களுதுன்னா உங்களுக்கு வரியே வராம போனாலும் போகும்" என்று சொல்லிவிட்டார். சிலுவைமுத்து வாயை மூடிக்கொண்டார்.

அந்த மௌனத்தை அதிகாரி கவனித்தார். "அடுத்த கேம்புக்கு அந்தோணியைக் கூட்டிட்டு வாங்க. வரலைன்னா, அவருக்கு இதுல எந்தப் பாத்தியதையும் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. முழுசையும் உங்க பேர்லயே போட்டுருவோம்."

வீட்டில் லூர்து மேரி எல்லாவற்றையும் கேட்டாள். மீன் ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றது.

"பாதியப் பங்குக்குக் குடுத்தாச்சுன்னுல்ல நான் நெனச்சுக்கிட்டிருக்கேன். குடுத்தியளா, இல்லையா?"

"குடுக்கத்தான் நெனச்சேன். அந்த நேரம் பாத்துப் பழைய சாமியார மாத்தி, புதுச் சாமியார் வந்தாரு. ஆளு எப்பிடின்னு தெரியாம எப்பிடிக் குடுக்கிறது? அதான் பத்திரமா இருக்கட்டும்னு..."

"இருக்கட்டும்னு?"

"மனையா வாங்கிப் போட்டேன்."

அவள் அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தாள். "அப்ப இம்புட்டு நாளா அந்தோணியார் எடத்துலயா நான் பந்தல் போட்டுப் புடலங்கா பறிக்கிறேன்? ஊரையெல்லாம் சந்தேகப்பட்டிய. உங்களச் சந்தேகப்பட ஒரு ஆளு வைக்காமப் போனியளே."

"மெதுவாப் பேசு. பக்கத்து வீட்டுல காதைத் தீட்டிக்கிட்டிருப்பாக."

"நல்லாக் கேக்கட்டும். கையெழுத்துப் போடப் போறியளா?"

"போட்டா மனை நமக்கு நிக்கும். வரியத் தவணையில கட்டிரலாம்" என்றார் சிலுவைமுத்து. அவள் மீனை அலசின தண்ணீரை வாசலில் வேகமாக வீசினாள்.

அடுத்த கேம்பில் அதிகாரி வாசலை எட்டிப் பார்த்தார். "அந்தோணி வரலையா?"

"வரமாட்டாருய்யா."

"எதிர்பார்த்தேன்" என்று ஒரு தாளை நகர்த்தினார். எழுதி வைத்தே இருந்தார்கள். இந்த வியாபாரத்தில் அந்தோணிக்கு எவ்விதப் பங்கும் பாத்தியதையும் கிடையாது. கீழே கையெழுத்துக்கு இடம்.

சிலுவைமுத்து பேனாவை வாங்கினார். இரண்டு தடவை படித்தார். மனை கைக்கெட்டின தூரத்தில் இருந்தது. ஆனால் பேனா தாளில் இறங்க மறுத்தது. கோயிலில் முழங்காலிட்டு மனசுக்குள் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. இது அரசாங்கத் தாள். கையெழுத்தாகி ஃபைலில் ஏறிவிட்டால் பிறகு எந்த மூஞ்சியோடு அந்தக் கோயில் வாசலை மிதிப்பது?

பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"என்னங்க, அவருக்குப் பயப்படுறீங்களா? மிரட்டுனாரா?" என்றார் அதிகாரி.

"அவரு ஆளு இல்லய்யா. கோயில்ல இருக்கவரு. நேந்துக்கிட்டது."

இது இன்னொரு தந்திரமோ என்ற சந்தேகம் அதிகாரியின் முகத்தில் இருந்தது. பக்கத்தில் இருந்த குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

"எங்க பக்கத்துலயும்தான் ஐயனாருக்கு நேந்துக்கிறாங்க. யாரும் அவரைக் கூட்டாளின்னு கணக்குல காட்டுனதில்ல" என்றார் அதிகாரி. "நேர்த்திக்கடனுக்கெல்லாம் வரியில கழிவு கிடையாது, தெரிஞ்சுக்குங்க. முழு லாபத்துக்கும் நீங்கதான் கட்டணும்."

"கட்டிர்றேன்யா. அந்தத் தாளை மட்டும் கிழிச்சுருங்க."

அதிகாரி கிழித்தார். துண்டுகளைத் தன் கையில் கேட்டு வாங்கி, மடியில் கட்டிக்கொண்டுதான் சிலுவைமுத்து எழுந்தார். போகும்போது ஒன்று கேட்டார். "எழுதிப் போட்டது எங்க மொதலாளிதானய்யா?"

"எவரும் போடல. கொச்சிக் கம்பெனி கணக்குலேருந்து வந்ததுன்னு அன்னைக்கே சொன்னேனே."

ஆளைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டே சிலுவைமுத்து ரயில் ஏறினார்.

மனை பங்கின் பேருக்குப் போனது. சாமியார் கொடுத்த ரசீதைச் சிலுவைமுத்து திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முத்திரை சரியாக விழவில்லை என்று இன்னொரு தடவை குத்த வைத்தார். வரிக்குச் சீனி முகம்மது முன்பணம் கொடுத்தார்; சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டார். குற்ற உணர்ச்சியில் கொடுத்திருப்பார் என்று சிலுவைமுத்து வீட்டில் சொன்னார். "அப்ப திருப்பிக் குடுத்திருங்க" என்றாள் லூர்து மேரி.

ஜோதிமேரி கல்யாணமாகி வாடகை வீட்டில்தான் குடித்தனம் போனாள். சாமியார் சம்மதத்தோடு பந்தல் அப்படியே இருந்தது. முதல் காய் கோயிலுக்குப் போனது.

மறு வருஷம் வரி ஆபீஸ் கவர் மறுபடி வந்தது. சிலுவைமுத்து அதைப் பிரிக்காமல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, கூட்டாளி அந்தோணியாரையும் விடவில்லையோ என்ற சந்தேகத்தில் தபால்காரரைக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏப்பா, இதே மாதிரி ஒண்ணு பங்குச் சாமியார் வீட்டுக்கும் வந்திருக்கா?"