கடையே இல்லாத ஊருக்கு ஒரு சைக்கிள்

இந்த ஊரில் சைக்கிள் காரில் போகிறது. சனிக்கிழமை காலையானால் எங்கள் தெருவிலிருந்து ஒவ்வொரு காராகக் கிளம்பும். ஒவ்வொன்றின் முதுகிலும் இரண்டு மூன்று சைக்கிள்களைக் கட்டியிருப்பார்கள். மலையடிவாரம்வரை கொண்டுபோய் இறக்கி, அங்கே ஏறி ஓட்டி, சேறு பூசிக்கொண்டு, மறுபடி காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து குழாயடியில் குளிப்பாட்டுவார்கள். நியூசிலாந்தில் இந்த வெலிங்டனுக்கு வந்த புதிதில் இதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. திண்டுக்கல்லில் சைக்கிள்தான் எல்லாவற்றையும் சுமக்கும். கேஸ் சிலிண்டர், பால் கேன், வாழைத்தார், முன்னால் பிள்ளை, பின்னால் பெண்சாதி என்று அது சுமக்காதது ஒன்றுமில்லை. அந்தச் சைக்கிளையே சுமந்துகொண்டு போகிற மனிதர்களை நான் அதற்குமுன் கண்டதில்லை. ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள் என்றுதான் இதை இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன்.

பிறகு நானும் அதில் விழுந்தேன். அலுவலகத்தில் எல்லோரும் திங்கட்கிழமை காலை பேசுவது வார இறுதியில் ஏறிய மலையைப் பற்றித்தான். பேச்சில் கலந்துகொள்ளவாவது ஒரு மலைச் சைக்கிள் வேண்டியிருந்தது. முழு வண்டியாக வாங்காதே, உனக்கென்று பார்த்துப் பார்த்துச் சேர்த்துக்கொள் என்றார்கள். ஃப்ரேமைத் தனியாக, ஃபோர்க்கைத் தனியாக, பிரேக், ரிம், செயின் எல்லாவற்றையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து ஒரு கடையில் கொடுத்தால் பூட்டித் தருவார்களாம். பெரிய மனிதர்கள் செய்கிற காரியம்போல இதைச் சொன்னார்கள். இதில் என்ன பெருமை என்று எனக்கு விளங்கவில்லை. சைக்கிள் வாங்க வேறு வழி இருக்கிறது என்பதே எங்கள் ஊரில் எனக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது அப்பா எனக்குச் சைக்கிள் வாங்கித் தந்தார். பழனி ரோட்டில் இருந்த அந்தக் கடையில் முழுச் சைக்கிள் என்று ஒன்று கிடையாது. காக்கித் தாள் சுற்றிய ஃப்ரேம்கள் உத்தரத்தில் தொங்கும். ரிம் ஒரு மூலையில், சீட்டுகள் ஒரு ஆணியில், டைனமோ கண்ணாடிப் பெட்டிக்குள். எதை எதனோடு சேர்ப்பது என்று அப்பா, அண்ணன், கடைக்காரர், டீ குடிக்க வந்தவர் என எல்லோரும் கருத்துச் சொன்னார்கள். நான் மட்டும் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவுமில்லை. ஃப்ரேமின் உயரத்தை அப்பாவின் காலுக்குத்தான் பார்த்தார்கள். அவரும் சந்தைக்கு எடுத்துப் போக வேண்டும், அண்ணனும் ஓட்ட வேண்டும், நான் வளர்ந்துகொண்டுதானே இருந்தேன். அந்த வண்டிக்கு நான் கடைசிவரை வளரவில்லை. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து பெருவிரலால்தான் ஊன்றுவேன்.

சில வருடங்களில் ஊருக்குள் மலைச் சைக்கிள் வந்தது. தடித்த டயர், நேரான ஹேண்டில்பார், கண்ணைப் பறிக்கும் பச்சையும் ஊதாவும். கியர் இருந்தால் அது வேலை செய்யாது. வேலை செய்தால் அதில் கை வைக்க வீட்டில் விடமாட்டார்கள். பையன்கள் அதில் டியூஷனுக்குப் போனார்கள். தெருமுனையில் நின்றாலே சிறுமலை நீலமாகத் தெரியும். யாரும் அந்தப் பக்கம் திரும்பியதில்லை. ஆனால் அந்தச் சைக்கிள்களால் ஒரு நன்மை நடந்தது. அந்த அளவு டயரும் டியூபும் திண்டுக்கல்லில் எல்லாக் கடைகளிலும் தொங்க ஆரம்பித்தன. இதை நான் நினைவில் வைத்திருந்தேன் என்பது எனக்கே பின்னால்தான் தெரிந்தது.

வெலிங்டனில் நான் போன கடையை நடத்தியவர் பெயர் கிரெய்க். முழங்காலுக்குமேல் நிற்கும் கால்சட்டையும், குளிரிலும் வெறுங்காலுமாக இருப்பார். என்னைச் சுவரோடு சாய்த்து நிற்கவைத்து, தொடைகளுக்கு நடுவே ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, அது நின்ற இடத்திலிருந்து தரைவரை டேப்பால் அளந்தார். பிறகு கை, தோள், முதுகு. அவ்வளவும் எனக்காக மட்டும். இந்த வண்டியை வேறு யார் ஓட்டுவார்கள் என்று அவர் கேட்கவே இல்லை. எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவும், உண்மையைச் சொன்னால் நிறையப் பெருமையாகவும் இருந்தது.

அளவு எடுத்து முடித்ததும் தேர்வு தொடங்கியது. அலுமினிய ஃப்ரேம் எடைகுறைவு என்றார் கிரெய்க். இரும்புதான் வேண்டும் என்றேன். முன்பக்கம் அதிர்வு தாங்கும் ஃபோர்க் இல்லாமல் இங்கே யாரும் மலைக்குப் போவதில்லை என்றார். உள்ளே எண்ணெய் இருக்கிறது, கசிந்தால் யார் பார்ப்பது, சாதா ஃபோர்க் போதும் என்றேன். எண்ணெயில் இயங்கும் டிஸ்க் பிரேக்கைக் காட்டினார். கேபிள் பிரேக் கேட்டேன். புதிதாக வந்திருக்கும் பெரிய சக்கரத்தைக் காட்டினார்; பழைய அளவு இருபத்தாறு அங்குலமே போதும் என்றேன். டியூபின் வாய்கூட ஸ்கூட்டருக்குக் காற்றடிக்கும் முனை பொருந்துவதாக இருக்கவேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் நான் சொன்ன காரணம் ஒன்றுதான்: கெட்டுப்போனால் சரிசெய்ய முடியவேண்டும். கிரெய்க் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். இந்தக் கடையிலேயே சரிசெய்து தருவேனே என்றார். நான் சிரித்து மழுப்பினேன்.

இங்கே உலகத்தைச் சைக்கிளில் சுற்றக் கிளம்புகிறவர்கள் உண்டு. பாலைவனம், பனிமலை என்று வருடக்கணக்கில் போவார்கள். கிரெய்க் என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். அடுத்தமுறை போனபோது மரியாதை கூடியிருந்தது. “எந்தப் பக்கம்? கடையே இல்லாத இடமா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். கடைகள் உண்டு, வேறு மாதிரிக் கடைகள் என்றேன். முள் அதிகமோ என்றார். ஆமாம், கருவேல முள் என்றேன். அவர் பெருமூச்சுவிட்டு, தனக்கும் இளமையில் அப்படி ஒரு ஆசை இருந்தது என்றார். அவருடைய தப்பை நான் திருத்தவில்லை. திருத்தினால் நான் எங்கே போகிறேன் என்று எனக்கே சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

இந்த நேரத்தில் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். என் மனைவி ஜெயாவுக்குச் சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம் ரெட்டியார்சத்திரம். இங்கே ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை அந்த வருடம்தான் நிரந்தரமாகியிருந்தது. மகள் பள்ளியில் சேர்ந்திருந்தாள். ஒரு வீடு பார்த்து, பிடித்து, பேசி முடித்திருந்தோம். வெள்ளிக்கிழமை வக்கீல் அலுவலகத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் நான் சரி என்றிருந்தேன். திண்டுக்கல்லில் அண்ணன் தன் வீட்டு மாடியில் எங்களுக்கென்று ஒரு பகுதி கட்டி, ஆள் வைக்காமல் பூட்டியே வைத்திருந்தார். அதற்கும் நான் சரி என்றுதான் சொல்லியிருந்தேன்.

புதன்கிழமை ஃப்ரேம் வந்துவிட்டதென்று கிரெய்க் கூப்பிட்டார். ஜெயாவையும் அழைத்துப் போனேன். அதுதான் நான் செய்த வேலை. கிரெய்க் அவள் கையைக் குலுக்கி, உங்கள் கணவர் துணிச்சல்காரர், எப்போது கிளம்புகிறார் என்றார். ஜெயா முகம் மாறாமல், இந்த வண்டியைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாள். அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக்காட்டினார். இரும்பு, எந்தப் பட்டறையிலும் வெல்டிங் வைக்கலாம். கேபிள், எந்த ஊரிலும் கிடைக்கும். சக்கரம், உங்கள் கணவர் போகிற இடத்தில் இந்த அளவுதான் கிடைக்குமாம். பரிசோதனை முடிவு எழுதிய தாளைப் படிப்பதுபோல ஜெயா அவற்றை வரிசையாகக் கேட்டுக்கொண்டாள். நன்றி சொன்னாள். வீட்டுக்கு வந்ததும்தான் கேட்டாள்.

“ஊருக்குப் போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?”

“அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு வசதிக்குத்தான்…”

“என்ன வசதி? இந்த ஊருல எவன் கிரில் பட்டறையில கொண்டுபோய்ச் சைக்கிளப் பத்த வைக்கிறான்?”

நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

“வீடு பாத்தப்ப சரின்னீங்க. எனக்கு வேலை நிரந்தரமானப்ப கேக் வாங்கிட்டு வந்தீங்க. இம்புட்டு நாளா எங்கிட்டச் சொல்லாததையெல்லாம் அந்தக் கடைக்காரர்கிட்டச் சொல்லியிருக்கீங்க.”

“அவர்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல ஜெயா.”

“வாயால சொல்லல.”

அவள் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அவள் அரிசியைக் களைந்துகொண்டே நிதானமாகப் பேசினாள். “அங்க போனா காலையில எந்திரிச்சு நீங்க சிறுமலை ஏறிட்டு வருவீங்க. வந்ததும் அண்ணனும் தம்பியும் உக்காந்து காப்பி குடிப்பீங்க. அந்தக் காப்பிய யாரு போடுவா? மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்குறதுதான் எனக்கு மலை. இந்த வண்டிக்கு இம்புட்டு யோசிச்சீங்களே, அதுல எனக்குன்னு செத்த நேரம் யோசிச்சீங்களா?”

யோசிக்கவில்லை. என் மனதில் ஓடிக்கொண்டிருந்த படத்தில் சிறுமலைக்குப் போகிற நத்தம் ரோடு இருந்தது, கொண்டை ஊசி வளைவுகள் இருந்தன, ஏறி முடித்ததும் குடிக்கிற டீ இருந்தது. ஜெயா இல்லை. அவளை விலக்கி வைக்கவில்லை. வைத்துப் பார்க்கவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. இன்னும் இரண்டு நாளில் போடப்போகிற கையெழுத்தைப் பொய்யாகப் போட இருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஃப்ரேமைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், அலுமினியமே வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

“வண்டிய மாத்த வேணாம். மாத்துனா மனசுக்குள்ள இன்னொண்ண ஃபிட் பண்ணிக்கிட்டே இருப்பீங்க. கையெழுத்துப் போடுறதுன்னா தெரிஞ்சு போடுங்க. இல்லன்னா இப்பவே சொல்லிருங்க, நான் ஏமாந்துக்கிட்டு இருக்க முடியாது.”

நாட்டைவிட்டு வெளியே வந்திருக்கும் உங்களில் சிலருக்கு இது புரியும். திரும்பிப் போகிறேன் என்று சொல்வதும் எளிது, போகமாட்டேன் என்று சொல்வதும் எளிது. இரண்டையும் சொல்லாமல் பத்து வருடம் ஓட்டுவதுதான் எல்லாவற்றையும்விட எளிது. அன்று இரண்டில் ஒன்றை உரக்கச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அண்ணனுக்குப் போன் போட்டேன். மாடியை வாடகைக்கு விட்டுவிடுங்கள் என்றேன். மறுமுனையில் தெருச் சத்தத்துக்கு நடுவே அண்ணன் கேட்டார்.

“ஏலே, நீ வந்தா எங்கலே தங்குவ?”

“லீவுக்குத்தானண்ணே வருவேன். கீழேயே ஒரு ஓரமா படுத்துக்கிறேன்.”

“விருந்தாளி மாதிரியா?”

அடுத்த வருடம் ஒரு மாதம் லீவு கிடைக்கும் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. “சரிப்பா, உடம்பப் பாத்துக்க” என்று வைத்துவிட்டார். அவர் அதுவரை என்னிடம் ‘ப்பா’ போட்டுப் பேசியதே இல்லை. எனக்கு எப்போதும் ஏலேதான். கூடத்துக்குப் போய் உட்கார்ந்து அழுதேன். ஜெயா பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டோம். அங்கிருந்து நேராகக் கிரெய்க் கடைக்குப் போனோம். வண்டி கிட்டத்தட்ட முடிந்திருந்தது. டயர் மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை. கிரெய்க் இரண்டு வகையை மேசைமேல் வைத்தார். ஒன்று இந்த ஊர்க் காட்டுக்கானது: மிருதுவான ரப்பர், ஈர வேரிலும் சேற்றிலும் ஒட்டிப் பிடிக்கும், தார் ரோட்டில் சீக்கிரம் தேய்ந்துவிடும். மற்றது முள்ளுக்கும் தாருக்குமானது: கெட்டியான ரப்பர், உள்ளே ஒரு பட்டை, வருடக்கணக்கில் உழைக்கும், ஈரத்தில் நிற்காது. நான் முதல் வகையை எடுக்கப் போனேன். ஜெயா என் கையைத் தடுத்தாள்.

“முன்னாடி அது. பின்னாடி உங்களுக்கு எது வேணுமோ போட்டுக்கங்க.”

இரண்டு சக்கரத்துக்கும் இரண்டு வகை போடலாமா என்று கிரெய்க்கிடம் கேட்டேன். தாராளமாக, நிறையப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள், திசைதிருப்புவது முன்சக்கரம்தான், அது பிடித்தால் போதும் என்றார். பின்சக்கரத்துக்கு முள்ளுக்கான கெட்டி டயரை எடுத்துக் கொடுத்தேன். பயணம் எப்போது என்று மறுபடி கேட்டார். அடுத்த வருடம் லீவில், ஒரு மாதத்துக்கு என்று ஜெயா சொன்னாள். ஒரு மாதத்துக்கா இவ்வளவும் என்று அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை பைன் மரக் காட்டில் முதல்முறை ஓட்டினேன். முந்தின நாள் பெய்த மழையில் வேர்கள் நனைந்து கிடந்தன. திருப்பிய பக்கமெல்லாம் முன்சக்கரம் சொன்னபடி கேட்டது. பின்சக்கரம் ஒவ்வொரு வேரிலும் விலகி, தனக்கென்று ஒரு பாதையில் கொஞ்ச தூரம் போய், பிறகு வந்து சேர்ந்துகொண்டது. விழவில்லை, விழாமல் ஓட்ட உடம்பு முழுவதும் விழித்திருக்க வேண்டியிருந்தது. அடிவாரத்தில் ஜெயாவும் மகளும் நின்றிருந்தார்கள். அவர்கள் பக்கத்தில் போய் இறங்கியதும் ஜெயா கேட்டாள்.

“எப்படி இருக்கு?”

“பின்சக்கரம் வழுக்குது.”

“தெரிஞ்சுதானே போட்டீங்க” என்றாள் ஜெயா. முகத்திலிருந்த சேற்றைத் துடைத்துக்கொள்ளத் துண்டைக் கொடுத்தாள். “ஓட்டுங்க.”