தங்கவயலில் நிராகரிக்கப்பட்ட வங்காள விரிகுடா

போன செவ்வாய்க்கிழமை காலை, இரண்டாவது இட்லிக்கும் மூன்றாவது இட்லிக்கும் நடுவில், என் வீட்டுக்காரர் வங்காள விரிகுடாவை நிராகரித்தார்.

"மறுபடியும் தப்பா எழுதிக்கீறான்" என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பில் 'சந்தேகம்' என்ற பட்டனைத் தட்டினார். இருபத்தாறாவது நாளாக!

நாங்கள் இருப்பது கோலார் தங்கவயல், ஆண்டர்சன்பேட்டை. இங்கிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் சாயங்காலத்துக்குள் கடல் வராது. எங்களுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் பேத்தமங்களா ஏரிதான். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் கடலில் தப்பு கண்டுபிடிக்க முடியுமா? முடியும். அதற்கென்றே ஒரு வெப்சைட் இருக்கிறது.

அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவள் பக்கத்து வீட்டு நித்யா. தினமும் காலை ரயிலைப் பிடித்து பெங்களூரு போய் வேலை பார்க்கிற பெண். அவளுடைய ஆபீஸ், கடலோர மீனவர்கள் சிலருக்கு ஆளுக்கொரு மீட்டர் கொடுத்திருக்கிறது. கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்கினால் மேலே எவ்வளவு சூடு, பத்து பாகம் ஆழத்தில் எவ்வளவு, இருபது பாகத்தில் எவ்வளவு என்று காட்டும். பாகம் என்பது மீனவர் கணக்கு – இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம். மீனவர் அந்த எண்களைப் போனில் அனுப்புவார். அவை ஒரு பொதுப் பக்கத்தில் வரும். மீனவர், மாணவர், விஞ்ஞானி… யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். நல்ல காரியம்தானே?

ஆனால் நல்ல காரியத்தைச் சும்மா விட முடியுமா? சரிபார்க்க வேண்டாமா? ஒரு படகுக்கு ஒரு தன்னார்வலர் என்று போட்டார்கள். அவர் 'சரி' என்று தட்டினால்தான் எண்கள் பக்கத்தில் ஏறும்.

"சிம்பிள் அங்கிள். இருபத்தொன்பதுக்கு பதிலா தொண்ணூத்தி ரெண்டுன்னு மாத்தி அடிச்சிருக்காங்களான்னு பாத்தா போதும். சரின்னா 'சரி', இல்லன்னா 'சந்தேகம்'. அவ்ளோதான்" என்றாள் நித்யா.

அவள் யாரிடம் சொல்கிறோம் என்று யோசிக்கவில்லை. என் வீட்டுக்காரர் பெயர் செல்வராஜ். வெறும் செல்வராஜ் என்றால் ஊரில் யாருக்கும் தெரியாது. 'வென்டிலேஷன் செல்வராஜ்' என்றால்தான் வழி சொல்வார்கள். சுரங்கம் ஓடிய காலத்தில் வென்டிலேஷன் டிபார்ட்மென்ட். கேஜ் என்கிற கூண்டு லிஃப்டில் இறங்கி, ஒவ்வொரு லெவலிலும் தெர்மாமீட்டரைப் பிடித்து, சூட்டை எழுதிக்கொண்டு மேலே வருவது வேலை. சுரங்கம் மூடி இத்தனை வருஷமாகியும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. வீட்டில் பால் காய்ந்ததா என்று கேட்டால்கூட டிகிரியில் பதில் சொல்லக்கூடிய மனிதர்.

அவருக்கு மறுபடியும் ஒரு தெர்மாமீட்டர் கிடைத்தால்? புது நோட்டு வாங்கினார். கண்ணாடியை மாற்றினார். நானும் சும்மா இருந்தேனா? பஜாரில் மீன் வாங்கும்போது, "எங்க வீட்டுக்காரரு இப்ப கடல பாத்துக்கறாரு" என்று அலட்டிக்கொண்டேன். "எங்க இருந்து?" என்றாள் மீன்காரம்மா. "டைனிங் டேபிள்ல இருந்து" என்றேன். அவள் மீனை நிறுக்க ஆரம்பித்தாள்.

அவருக்குக் கிடைத்தது நாகப்பட்டினம் பக்கத்தில் ஒரு குப்பத்தைச் சேர்ந்த கலியமூர்த்தி என்பவரின் படகு. முதல் நாள் கணக்கு வந்தது. மேலே இருபத்தொன்பது டிகிரி. பத்து பாகத்தில் இருபத்தெட்டு. இருபது பாகத்தில் இருபத்தைந்து.

"இன்னா இது? கீழ போகப் போகக் குறையுது?"

"கடல் அப்படித்தான் இருக்குமோ என்னவோ" என்றேன்.

"எப்டி இருக்கும்? மேல் லெவல்ல சட்டை போட்டுக்கினு நிப்போம். கீழ் லெவல்ல கோவணம் கூட பாரமா இருக்கும். எறங்க எறங்க சூடு ஏறணும். அதான் கணக்கு."

"அது மைன். இது தண்ணி."

"தண்ணிக்கு அடியில இன்னா கீது? பூமிதானே?"

"கிணத்துல அடித் தண்ணி ஜில்லுனுதானே இருக்கு" என்று முனகிப் பார்த்தேன். "கிணறு ஒரு ஆழமா? போம்மா" என்று கையை ஆட்டிவிட்டார். தட்டினார் சந்தேகத்தை. மறுநாளும் கீழே குளிர்ந்தது. மறுநாளும் தட்டினார். இப்படியே இருபத்தாறு நாள்.

அனுபவஸ்தர்களிடம் இதுதான் தொல்லை. ஒரு இடத்தில் உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டதை, அடுத்த இடத்துக்கும் அப்படியே தூக்கிக்கொண்டு போவார்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். இல்லை என்றால்… அது நீங்கள்தான்.

புதன்கிழமை சாயங்காலம் நித்யா ரயிலிலிருந்து இறங்கி, சொந்த வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகம் சரியில்லை.

"அங்கிள், அந்தக் கலியமூர்த்திகிட்ட இருந்து மீட்டரைத் திரும்ப வாங்கப் போறாங்க. முப்பது சந்தேகம் ஆனா வேற படகுக்குக் கொடுத்துடணும்னு ரூல். நீங்க இருபத்தேழு போட்டுட்டீங்க. இன்னும் மூணுதான் பாக்கி."

"கொடுக்கட்டும். ஒழுங்கா எழுதறவனுக்குக் கொடுக்கட்டும்."

"அவர் ஒழுங்காத்தான் எழுதறார் அங்கிள்! கடல்ல கீழ போனா குளிரும்!"

"நீ கேஜ்ல எறங்கிக்கீறியா?"

"நீங்க கடல்ல இறங்கியிருக்கீங்களா?"

வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்தார். "மெரினாவுல. முழங்கால் வரைக்கும்."

இத்தனை நாள் ஆபீசில் ஒருவருமா கவனிக்கவில்லை என்று நான் கேட்டேன். கவனித்தார்களாம். மீட்டிங்கில் திரை போட்டுக் காட்டியபோது எங்கள் வீட்டுக்காரரின் கோடுதான் எல்லாரையும்விட உயரமாக இருந்ததாம். 'ரொம்பச் சுறுசுறுப்பான தன்னார்வலர்' என்று மேனேஜர் பாராட்டினாராம். பட்டனை எத்தனை தடவை தட்டினார் என்று பார்த்தார்களே தவிர, எதற்குத் தட்டினார் என்று யாரும் பார்க்கவில்லை.

"அந்தாளுக்கே போனப் போடு. நான் கேக்கறேன்" என்றார் வீட்டுக்காரர். நித்யா ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் காற்றுச் சத்தமும் யாரோ பேசுகிற சத்தமும் கேட்டன.

"இன்னாங்க கலியமூர்த்தி, நீங்க எவ்ளோ ஆழம் எறங்கிக்கீறீங்க?"

"வலை பாறையில மாட்டிக்கிட்டா அஞ்சாறு பாகம் முங்குவேங்கய்யா. காது அடைக்கும். உடம்பு வெடவெடன்னு ஆடிப்போயிடும்."

"காது அடைக்குமா?"

"அடைக்கும்யா."

"எங்களுக்கும் கேஜ்ல அடைக்கும்" என்றார் வீட்டுக்காரர். குரலில் கொஞ்சம் நட்பு வந்துவிட்டது. ஆனால் உடனே சுதாரித்துக்கொண்டார். "ஆனா எங்களுக்கு வேர்த்துக் கொட்டும். குளிராது."

அப்புறம் கலியமூர்த்தி மெதுவாகச் சொன்னார்.

"ஐயா, எந்த ஆழத்துல தண்ணி குளிருதுன்னு பாத்துத்தான் எங்க குப்பத்துல வலை எறக்குறாங்க. ஒரு மாசமா வெப்சைட்ல எங்க குப்பத்துப் பக்கம் காலியாக் கெடக்கு. நான் வாயால சொன்னாலும் நம்ப மாட்டேங்குறாங்க. உன் கணக்கைத்தான் சந்தேகம்னு போட்டிருக்காங்களேங்குறாங்க. என் கூடப் பொறந்தவனே கேக்குறான். எப்படி எழுதுனா நீங்க சரின்னு போடுவீங்கன்னு சொல்லிடுங்கய்யா. கீழ சூடுன்னே எழுதிடுறேன். மீட்டரை மட்டும் வாங்கிடாமப் பாத்துக்குங்க."

என் வீட்டுக்காரரின் முகம் வெளுத்துப்போனது. அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் ஒரு சூப்பர்வைசர் இவரிடம், "அந்த லெவல்ல ரெண்டு டிகிரி கொறச்சு எழுதுப்பா" என்றார். சூடு அதிகம் என்று எழுதினால் ஆட்களை மேலே அனுப்ப வேண்டும், வேலை நின்றுவிடும். இவர் எழுத மாட்டேன் என்றார். கீழே வேலை செய்தவர்களில் என் தம்பியும் ஒருவன். எழுத மறுத்ததற்குப் பரிசாக இவரை மாதக்கணக்கில் யாரும் விரும்பாத ஷிஃப்டில் போட்டார்கள். அந்த மனிதரிடம்தான் இன்றைக்கு ஒருவர், 'நீங்கள் சொல்கிறபடி பொய் எழுதிவிடுகிறேன்' என்று கெஞ்சுகிறார்.

"அப்டி மட்டும் எழுதாதீங்க" என்றார் கடைசியில். "கயிறு இன்னா சொல்லுதோ அத்தயே எழுதுங்க. தப்பு என்னுது."

இத்தனை வருஷ வாழ்க்கையில் 'தப்பு என்னுது' என்ற இரண்டு வார்த்தையை அன்றைக்குத்தான் அவர் வாயால் கேட்டேன். அதுவும் என்னிடம் சொல்லவில்லை, நாகப்பட்டினத்துக்குச் சொன்னார்.

சரி, தட்டிய சந்தேகத்தை எடுத்துவிடலாம் என்று பார்த்தால், எடுக்க ஒரு ஃபாரம். காரணத்தைத் தேர்வு செய்ய வேண்டும். 'மீட்டர் பழுது', 'மீனவர் கவனக்குறைவு', 'போன் கோளாறு' என்று வரிசையாக இருக்கிறது. 'சரிபார்த்தவருக்கு ஒன்றும் தெரியாது' என்று ஒன்று இல்லை. மேலே கீழே உருட்டிப் பார்த்தோம். நிஜமாகவே இல்லை.

"கவனக்குறைவுன்னு போட்டுடலாமா அங்கிள்? வேலை முடிஞ்சுடும்" என்றாள் நித்யா.

"யார் கவனம் கொறைஞ்சுது? அந்தாளுதா?" என்று எரிந்து விழுந்தார்.

பிறகு அவருக்குத் தெரிந்த வழியில் செய்தார். சுரங்கத்து லாக் புக்கில் தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு. பழைய எழுத்து கீழே தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானது, அதற்குப் பக்கத்தில் எழுதியவன் கையெழுத்து. யார் தப்பு செய்தது என்று அடுத்த ஷிஃப்ட்காரனுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? இருபத்தேழு பதிவையும் பிரிண்ட் எடுக்கச் சொன்னார். ஸ்கேலை வைத்து இருபத்தேழு 'சந்தேகம்' மேலும் கோடு இழுத்தார். இருபத்தேழு 'சரி' எழுதினார். இருபத்தேழு கையெழுத்து. காரணம் என்ற இடத்தில், 'கடலைச் சுரங்கம் என்று நினைத்துவிட்டேன்' என்று எழுதி, அடியில் கோடும் போட்டார்.

வியாழக்கிழமை நித்யா அதை ரயிலில் எடுத்துப் போனாள். மேனேஜர் அந்தக் காரணத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, யாரும் ஜோக் அடிக்கவில்லை என்று தெரிந்ததும் கையெழுத்துப் போட்டாராம். வெள்ளிக்கிழமை காலை, வெப்சைட்டில் காலியாகக் கிடந்த அந்தப் பக்கத்தில் ஒரு மாதக் கணக்கும் வந்துவிட்டது. மீட்டர் கலியமூர்த்தியிடமே இருக்கும் என்று எழுத்தில் கொடுத்தார்கள்.

சனிக்கிழமை என் வீட்டுக்காரருக்கு ஒரு சான்றிதழ் வந்தது. கம்ப்யூட்டர் தானாக அனுப்புவதாம். இருபத்தேழு சந்தேகம், இருபத்தேழு திருத்தம், ஆக ஐம்பத்துநான்கு – இந்த மாதத்தின் தலைசிறந்த தன்னார்வலர்!

அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கலியமூர்த்திக்கு இன்னா அனுப்பிக்கீறாங்கன்னு கேளு" என்றார். நித்யாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

ஒன்றும் அனுப்பவில்லையாம். அவர்தான் ஒரு தப்பும் செய்யவில்லையே…